வகுப்பறையில் ஒரு கல்லாப்பெட்டி

‘ஏப்ரல் 1: ராமு ரொக்கம் ரூ. 50,000 கொண்டு தொழில் தொடங்கினார்.’

பிளஸ் ஒன்னில் வணிகவியல் பிரிவு எடுத்த எல்லோருக்கும் இந்த ராமுவைத் தெரியும். சில புத்தகங்களில் அவர் பெயர் மோகன், சிலவற்றில் செல்வி. அவர் கடனுக்குச் சரக்கு வாங்குவார், வாடகை கொடுப்பார், வங்கியில் பணம் போடுவார், சொந்தச் செலவுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்வார். நாம் அவர் பின்னாலேயே நடந்து குறிப்பேட்டில் பதிவு போடுவோம், பேரேட்டில் எடுத்தெழுதுவோம், இருப்பாய்வு தயாரிப்போம். கடைசியில் இரண்டு பக்கமும் ஒரே தொகை வந்துவிட்டால் நிம்மதி. நானும் இரண்டு ஆண்டு அப்படிப் படித்தவன்தான். ஆனால், ராமு என்ன வியாபாரம் செய்தார் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. கணக்கில் ‘சரக்கு’ என்று மட்டும்தான் இருக்கும். அது அரிசியா, சட்டைத் துணியா, செருப்பா? வாங்கிப்போனவர் திரும்ப வந்தாரா? பக்கத்துக் கடைக்காரர் விலையைக் குறைத்தபோது ராமு இரவில் தூங்கினாரா? எந்தப் பதிவிலும் அது வராது.

இயற்பியலுக்கு ஆய்வகம் இருக்கிறது. தாவரவியல் படிக்கும் பிள்ளை செம்பருத்தியைப் பிளேடால் கீறிச் சூலகத்தைத் தொட்டுப் பார்க்கிறது. வணிகவியல் படிக்கும் பிள்ளைக்கு ஆய்வகம் எது? இந்தக் கேள்விக்கு டெல்லி அரசுப் பள்ளிகளில் சில ஆண்டுகளுக்கு முன் பெரிய அளவில் ஒரு பதில் முயன்று பார்க்கப்பட்டது. அதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியதும் இருக்கிறது, விட்டுவிட வேண்டியதும் இருக்கிறது.

ஆளுக்கு 2,000 ரூபாய்

2019 பிப்ரவரியில் டெல்லி அரசு ‘தொழில்முனைவு மனப்பாங்குப் பாடத்திட்டம்’ என்ற ஒன்றை அறிவித்தது. 9 முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான அரசுப் பள்ளி மாணவர்களுக்கு அது ஒரு தனிப் பாடவேளை. பாடப்புத்தகம் கிடையாது, பரீட்சை கிடையாது. கதை கேட்பது, பேசுவது, செய்து பார்ப்பது, தொழில் நடத்துகிறவர்களை வகுப்புக்கே வரவழைத்துக் கேள்வி கேட்பது என்று அது போகும். அப்போது கல்வி அமைச்சராக இருந்த மணீஷ் சிசோடியா இதைத் தன் கனவாகவே பேசினார். வேலை தேடி அலையும் பிள்ளைகள் வேண்டாம், வேலை கொடுக்கும் பிள்ளைகள் வேண்டும் என்பது அவர் மேடைக்கு மேடை சொன்னது.

அந்தத் திட்டத்தின் உயிர்நாடி அதற்குள் இருந்த களப்பணி. பேசிக்கொண்டே இருந்தால் போதாது, கையில் காசு கொடுத்து இறக்கிவிட வேண்டும் என்ற யோசனை. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்து மீண்டபோது, கிழக்கு டெல்லியில் கிச்ரிபூர் என்ற இடத்தில் உள்ள ஓர் அரசுப் பள்ளியில் முதலில் வெள்ளோட்டம் பார்த்தார்கள். 41 மாணவர்கள், 9 குழுக்கள், ஆளுக்கு 1,000 ரூபாய். அது ஓடும் என்று தெரிந்ததும், 2021 செப்டம்பர் 7 அன்று ‘பிசினஸ் பிளாஸ்டர்ஸ்’ என்ற பெயரில் டெல்லி முழுக்க உள்ள அரசுப் பள்ளிகளின் பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்களுக்கு அதைக் கொண்டுபோனார்கள். தொகை ஆளுக்கு 2,000 ரூபாயானது. சுமார் 3 லட்சம் மாணவர்கள், சுமார் 51,000 குழுக்கள், ஒதுக்கீடு 60 கோடி ரூபாய்.

ஐந்து பேர் சேர்ந்தால் 10,000 ரூபாய். பதினாறு, பதினேழு வயதில், வீட்டில் மாதக் கடைசியில் காஸ் சிலிண்டருக்கே யோசிக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு அது சின்னத் தொகை இல்லை. அதே சமயம், போய்விட்டால் குடும்பம் நடுத்தெருவுக்கு வரும் தொகையும் இல்லை. இந்த அளவு சரியான அளவு என்று எனக்குத் தோன்றுகிறது. தோற்றால் வலிக்க வேண்டும், ஆனால் முறிந்துவிடக் கூடாது.

பணம் கைக்கு வந்த அந்த வகுப்பில் என்ன நடக்கும்? ஒரு குழுவைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். தீபாவளி வருகிறது, மெழுகுவர்த்தி செய்து விற்கலாம் என்று முடிவு செய்கிறார்கள். மெழுகு, திரி, சாயம், அச்சு வாங்குகிறார்கள். ஒரு மெழுகுவர்த்திக்கு 18 ரூபாய் ஆகிறது, 30 ரூபாய்க்கு விற்றால் 12 ரூபாய் லாபம் என்று சிலேட்டில் எழுதியதுபோல் தெளிவாக இருக்கிறது. முதல் வாரத்திலேயே கலைகிறது அந்தத் தெளிவு. பெட்டிக்கு ஆன காசைச் சேர்க்கவில்லை. சந்தைக்குப் போய்வந்த ஷேர் ஆட்டோவைச் சேர்க்கவில்லை. அச்சிலிருந்து எடுக்கும்போது உடைந்ததைச் சேர்க்கவில்லை. யாரோ ஒருத்தி வீட்டு அடுப்பில்தான் மெழுகு உருகியது. அந்த காஸுக்கு யார் காசு கொடுத்தார்கள்? எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தால் அடக்க விலை 27 ரூபாய். ‘கட்டுப்படியாகாது தம்பி’ என்று கடைக்காரர்கள் சொல்வதைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருப்பார்கள். அந்தச் சொல்லுக்குள் என்னென்ன இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் தெரியும்.

பிறகு ஒவ்வொன்றாக வரும். பக்கத்து வகுப்பு நண்பன் நான்கு வாங்கிக்கொண்டு ‘நாளைக்குத் தர்றேன்’ என்கிறான். நாளை வருவதில்லை. பாடப்புத்தகத்தில் ‘வாராக்கடன்’ என்று ஒரு வரி உண்டே, அதற்கு இப்போது ஒரு முகம் வந்துவிட்டது. குழுவில் ஒருவன் அம்மாவுக்கு என்று இரண்டை எடுத்துப்போகிறான். அதுதான் ‘எடுப்பு’. அதை எழுதுவதா வேண்டாமா என்று ஐந்து பேருக்குள் மூண்டுவிடும் சண்டை, கூட்டாண்மை ஒப்பாவணம் எதற்கு என்பதைப் பத்துப் பக்கப் பாடத்தைவிட நன்றாகச் சொல்லிக் கொடுக்கும். தீபாவளி முடிந்த மறுநாள் காலை இன்னும் 60 மெழுகுவர்த்தி மீதி இருக்கிறது. அதன் மதிப்பு என்ன? செய்ய ஆன 27 ரூபாயா, இனி யாராவது கேட்டால் கொடுக்கக்கூடிய 10 ரூபாயா? இறுதிச் சரக்கிருப்பை அடக்க விலை, சந்தை விலை இரண்டில் எது குறைவோ அதில் மதிப்பிட வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. நான் அந்த விதியை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கினேன். ஏன் அப்படி ஒரு விதி என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அந்த 60 மெழுகுவர்த்தியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும் பிள்ளைக்கு யாரும் சொல்ல வேண்டியதே இல்லை.

டெல்லிப் பிள்ளைகள் கையால் செய்த நகை, சாக்லேட், ஓவியம் என்று தொடங்கி, புளூடூத் ஒலிபெருக்கிவரை செய்து விற்றார்கள். 2021 நவம்பரில் இது தொலைக்காட்சி நிகழ்ச்சியாகவும் வந்தது. குழுக்கள் மேடையேறித் தொழிலதிபர்கள் முன் யோசனையை விளக்கி, முதலீடு கேட்டன. வடிகட்டி வடிகட்டித் தேர்ந்த 126 குழுக்கள் 2022 மார்ச் 5 அன்று தியாகராஜ் அரங்கத்தில் கண்காட்சி வைத்தன. சிறந்த குழுக்களின் மாணவர்களுக்கு டெல்லியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் நேரடிச் சேர்க்கை என்றும் அறிவித்தார்கள்.

அரசுப் பள்ளிச் சீருடையோடு ஒரு பெண், பெரிய முதலாளிகளின் கண்ணைப் பார்த்து ‘எங்கள் கம்பெனியில் இத்தனை சதவீதம் பங்கு தருகிறோம்’ என்று பேசுவதைப் பார்த்தால் நெஞ்சு நிறையும். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். 51,000-த்தில் 126 என்றால் ஏறக்குறைய 400 குழுவில் ஒன்று. மீதி 399 குழுக்களின் கதை என்ன? யாருக்கு முதலுக்கே மோசம் வந்தது? யார் யாரோடு பேச்சை நிறுத்தினார்கள்? எந்தக் குழு நஷ்டத்திலிருந்து எதைக் கண்டுபிடித்தது? மேடையும் கேமராவும் ஜெயித்தவரைத்தான் தேடிப் போகும். பள்ளிக்கூடம் தோற்றவரிடம் அல்லவா முதலில் போக வேண்டும்?

நான்காவது படி

செய்து படிப்பது என்பது புதிதாக முளைத்த யோசனை இல்லை. 1918-இல் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் பேராசிரியராக இருந்த வில்லியம் கில்பாட்ரிக் ‘செயல்திட்ட முறை’ என்ற கட்டுரையை எழுதினார். ஒரு செயல்திட்டத்துக்கு அவர் நான்கு படிகள் சொன்னார்: நோக்கம் கொள்வது, திட்டமிடுவது, செய்வது, செய்ததை மதிப்பிடுவது. முதல் மூன்றிலும் உற்சாகம் தானாக வரும். நான்காவது படியில்தான் ஆசிரியர் தேவைப்படுகிறார். உற்சாகம் வடிந்து, களைத்துப்போய், ‘விட்டுடலாம் சார்’ என்று பிள்ளைகள் சொல்லும் இடம் அது.

அடுத்த ஆண்டே, 1919-இல், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஓர் அமைப்பு தொடங்கியது. காகித ஆலை முதலாளி ஹொரேஸ் மோசஸ், தொலைபேசிக் கம்பெனித் தலைவர் தியோடர் வெயில், செனட்டராக இருந்த மரே கிரேன் ஆகியோர் அதன் நிறுவனர்கள். கிராமத்திலிருந்து நகரத்துக்கு வரும் பிள்ளைகளுக்குத் தொழில் உலகை அறிமுகம் செய்வது அவர்கள் எண்ணம். அதுதான் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் இயங்கும் ‘ஜூனியர் அச்சீவ்மென்ட்’. மாணவர்கள் சேர்ந்து ஒரு குட்டிக் கம்பெனி தொடங்குவார்கள். உறவினர்களிடமும் அக்கம்பக்கத்திலும் சின்னத் தொகைக்குப் பங்குகளை விற்று முதல் திரட்டுவார்கள். தங்களுக்குள் தலைவர், பொருளாளர், விற்பனைப் பொறுப்பாளர் என்று தேர்ந்தெடுப்பார்கள். ஒரு பொருளைச் செய்வார்கள், விற்பார்கள், கணக்கு எழுதுவார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது கடைசிக் கட்டம். கல்வியாண்டு முடிந்ததும் அந்தக் கம்பெனியைக் கலைத்துவிட வேண்டும். சரக்கை விற்று, கடனை அடைத்து, பங்குதாரர்களுக்கு அறிக்கை கொடுத்து, லாபம் இருந்தால் பங்காதாயம், நஷ்டம் என்றால் ஏன் நஷ்டம் என்ற விளக்கம். தாத்தாவிடம் பத்து ரூபாய் பங்குக்கு வாங்கியிருந்தால், எட்டு ரூபாயைத் திருப்பிக் கொடுத்து ‘இரண்டு ரூபாய் இப்படிப் போயிற்று தாத்தா’ என்று சொல்லியாக வேண்டும். ஸ்வீடனில் மேல்நிலைப் பள்ளி மாணவர்கள் நடத்தும் கம்பெனிகளும் இப்படித்தான்; ஆண்டறிக்கை எழுதிக் கலைத்துவிட வேண்டும். அந்தக் கலைப்பில்தான் கில்பாட்ரிக்கின் நான்காவது படி இருக்கிறது.

டெல்லியின் திட்டத்தில் பணம் அரசிடமிருந்து வந்தது. அதனால் ஏழைப் பிள்ளைக்கும் வாசல் திறந்தது. இது பெரிய நன்மை. பங்கு விற்று முதல் திரட்டச் சொன்னால், வசதியுள்ள மாமா இருக்கும் பிள்ளையின் குழு மட்டும் சீக்கிரம் தொடங்கும். ஆனால் பங்குதாரர் என்று ஒரு மனிதர் இல்லாதபோது, யாரிடம் போய்க் கணக்கு ஒப்படைப்பது? அரசு என்பது கண்ணுக்குத் தெரியாத பங்குதாரர். அந்த இடத்தில் ஓர் ஊர் மனிதரை உட்கார வைத்திருந்தால் திட்டம் இன்னும் ஆழமாக வேரூன்றியிருக்கும் என்பது என் எண்ணம்.

2025-இல் டெல்லியில் ஆட்சி மாறியது. பிசினஸ் பிளாஸ்டர்ஸ் நின்று, ‘நீவ்’ என்ற வேறு திட்டம் அறிவிக்கப்பட்டது. ஒரு கட்சியின் அடையாளமாகிவிட்ட பள்ளித் திட்டங்களுக்கு நம் நாட்டில் இப்படி ஆவது புதிதல்ல.

இதைச் செய்தால் பிள்ளைகள் முதலாளிகள் ஆகிவிடுவார்களா?

எல்லோரும் கேட்பது இதைத்தான். நல்லவேளையாக, இதை ஆராய்ந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். நெதர்லாந்தில் ஒரு தொழிற்கல்லூரியில் மாணவர்கள் நடத்திய குட்டிக் கம்பெனித் திட்டத்தை ஆராய்ந்து 2010-இல் வெளியான கட்டுரை, தொழில்முனைவுத் திறன் கூடியதாகக் காணவில்லை என்றது. அதோடு, தொழில் தொடங்கும் ஆசை சற்றுக் குறைந்திருந்தது என்றும் சொன்னது. அதே நாட்டில் தொடக்கப் பள்ளியின் கடைசி வகுப்பில், 11, 12 வயதுப் பிள்ளைகள் நட்புக் கயிறு செய்து விற்கும் ஒரு திட்டத்தைப் பற்றி 2014-இல் இன்னொரு ஆய்வு வந்தது. பிள்ளைகளின் தன்னம்பிக்கை, விடாமுயற்சி, படைப்புத் திறன், துணிந்து இறங்கும் குணம் கூடியிருந்தன. வணிக அறிவு கூடவில்லை. தொழில் தொடங்கும் ஆசை இங்கும் குறைந்தே இருந்தது. ஸ்வீடனில் மட்டும் வேறு படம். 1990-களின் நடுவில் பள்ளியில் கம்பெனி நடத்திய 9,812 பேரின் வாழ்க்கையைப் பின்தொடர்ந்து, 2015-இல் வெளியான ஆய்வு, அவர்கள் பிற்காலத்தில் தொழில் தொடங்கும் வாய்ப்பும் அதில் பெற்ற வருமானமும் மற்றவர்களைவிட அதிகம் என்றது. ஆனால் தொடங்கிய தொழில் நீடித்து நிற்பதில் வித்தியாசம் இல்லை.

முதல் இரண்டு முடிவுகளையும் சிலர் தோல்வி என்று படிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தொழில் என்றால் கோட் போட்டுக்கொண்டு மேடையில் பேசுவது என்று நினைத்திருந்த பிள்ளை, அது விடியற்காலையில் சந்தைக்குப் போவது, கணக்கு ஒட்டாமல் இரவு உட்கார்வது, வாங்க மறுத்தவரிடம் சிரித்துப் பேசுவது என்று தெரிந்துகொண்டு, ‘இது எனக்கு ஒத்துவராது’ என்று பதினாறு வயதில் முடிவெடுத்தால், அந்தப் பிள்ளை 30 வயதில் வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துவிட்டுத் தெரிந்துகொள்ளப் போகும் ஒன்றை 2,000 ரூபாயில் தெரிந்துகொண்டது. ஆக, வேலை கொடுக்கும் முதலாளிகளை உருவாக்கும் திட்டம் என்று இதை விளம்பரப்படுத்துவதே தவறு. விலை எப்படி உண்டாகிறது, உழைப்புக்கு யார் கணக்கு வைக்கிறார்கள், கடன் என்ன செய்யும் என்று தெரிந்த மனிதரை உருவாக்குவது இதன் வேலை. அந்த மனிதர் நாளை செவிலியராகலாம், ஓட்டுநராகலாம், தாசில்தாராகலாம். மைக்ரோ ஃபைனான்ஸ் தவணைக்காரர் வீட்டு வாசலில் நிற்கும்போது இந்தக் கல்வி அவருக்குக் கைகொடுக்கும்.

நம் ஊரின் பழைய காயம்

தமிழ்நாட்டில் இதைப் பேசும்போது ஒரு சந்தேகம் எழும். எழுவது நியாயம். பள்ளிக்கூடத்தில் தொழில் என்றதும் நமக்கு 1953 நினைவுக்கு வரும். ராஜாஜி கொண்டுவந்த திட்டப்படி தொடக்கப் பள்ளி நேரம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. மீதி நேரம் பிள்ளைகள் வீட்டில் பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். தமிழ்நாடு அதற்குக் குலக்கல்வி என்று பெயர் வைத்து எதிர்த்தது. 1954-இல் ராஜாஜி பதவி விலகினார், காமராஜர் வந்து அதைக் கைவிட்டார். அந்த எதிர்ப்பு சரியானது. குயவர் பிள்ளையைச் சக்கரத்துக்கும், வண்ணார் பிள்ளையை வெள்ளாவிக்கும் திருப்பி அனுப்பும் எதுவும் கல்வி ஆகாது.

ஆனால் கைத்தொழில் கல்வி என்ற எண்ணத்துக்குள் வேறொரு சரடும் இருந்தது. அதில் தமிழர்களின் பங்கு பெரிது. 1937 அக்டோபரில் வார்தாவில் காந்தி கூட்டிய கல்வி மாநாட்டைத் தொடர்ந்து ஜாகிர் உசேன் தலைமையில் கைத்தொழில் வழியே கற்பிக்கும் ஆதாரக் கல்விக்குப் பாடத்திட்டம் வகுக்கக் குழு அமைந்தது. அதன் அமைப்பாளர் ஈ.டபிள்யூ. ஆரியநாயகம், இலங்கைத் தமிழர். உறுப்பினர்களில் ஒருவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. குமரப்பா லண்டனில் தேர்ச்சி பெற்ற கணக்குத் தணிக்கையாளர். கில்பாட்ரிக் இருந்த அதே கொலம்பியாவில் பொது நிதி படித்தவர். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் நூற்கும் நூலுக்கு விலை உண்டு, அந்த விலைக்குக் கணக்கு உண்டு என்று பேசிய அந்தக் குழுவில் ஒரு தணிக்கையாளர் உட்கார்ந்திருந்தது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

அதற்கும் முன்பு நகரத்தார் வீட்டுப் பையன்கள் பர்மாவிலும் மலாயாவிலும் கிட்டங்கிகளில் பெட்டியடிப் பையன்களாகச் சேர்ந்து, கணக்குப் பழகி, அடுத்தாள் ஆகி, மேலாள் ஆனார்கள். அருமையான பயிற்சி. ஆனால் அதன் கதவு ஒரு சமூகத்துப் பையன்களுக்கு மட்டுமே திறந்தது. பெண்ணுக்கு இல்லை, மற்ற சாதிக்கு இல்லை. வணிகத்தின் உள்ரகசியம் இன்றும் பெரும்பாலும் அப்படித்தான் வீட்டுக்குள்ளேயே கைமாறுகிறது. கடைக்காரர் பிள்ளைக்குக் கொள்முதல் எங்கே, கழிவு எவ்வளவு, யாருக்குக் கடன் கொடுக்கக் கூடாது என்பதெல்லாம் சாப்பாட்டுத் தட்டின் முன்னாலேயே தெரிந்துவிடும். விவசாயக் கூலியின் மகளுக்கு அதை யார் சொல்வார்கள்? பள்ளிக்கூடம் சொல்லாவிட்டால் யாரும் சொல்லப்போவதில்லை. குலக்கல்வி பிள்ளையைப் பிறந்த இடத்தில் கட்டிப்போட்டது. சரியாகச் செய்தால், இந்தக் கல்வி ஒரு குலத்துக்குள் பூட்டியிருப்பதை வெளியே எடுத்து எல்லோருக்கும் கொடுக்கும்.

‘சரியாகச் செய்தால்’ என்று சொன்னேன். அதற்குச் சில நிபந்தனைகள் உண்டு. குழுவை ஆசிரியர் கலந்து அமைக்க வேண்டும். ஒரே தெருவோ ஒரே சாதியோ ஒரு குழுவாகிவிடக் கூடாது. வீட்டுத் தொழிலை அப்படியே பள்ளிக்குக் கொண்டுவருவதை ஊக்குவிக்கக் கூடாது. பெண் பிள்ளை சமைக்க, பையன் கல்லாவில் உட்கார என்று பிரிந்தால், பாதியில் ஆளை மாற்றிவிட வேண்டும். அப்புறம், அரசுப் பள்ளிக்கு மட்டும் இது, தனியார் பள்ளிக்கு நீட் பயிற்சி என்றால் அதை நானே எதிர்ப்பேன். ஏழைப் பிள்ளை ஊறுகாய் விற்கட்டும், மற்றவர்கள் மருத்துவம் படிக்கட்டும் என்பது பழைய விஷயத்துக்குப் புதுப் பெயர்.

இன்னொரு ஆபத்து அன்பினால் வருவது. பள்ளி வளாகத்தில் கடை போட்டால் பெற்றோரும் ஆசிரியர்களும் பிள்ளைகளை வருத்தக் கூடாது என்று எல்லாவற்றையும் வாங்கிவிடுவார்கள். மாலைக்குள் சரக்கு காலி, எல்லோருக்கும் லாபம், கைத்தட்டல். பிள்ளைகள் அன்று எதையும் கற்றுக்கொள்வதில்லை. பாசம் வாங்கும், சந்தை வாங்காது. வாங்குகிறவர் முன்பின் தெரியாதவராக இருக்க வேண்டும். வாரச் சந்தையில் ஒரு மூலை, பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு மேசை. ‘வேண்டாம்மா’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துபோகும் பத்துப் பேருக்குப் பிறகு பதினொன்றாவது ஆள் நின்று விலை கேட்கும்போது, அந்தப் பிள்ளை பேசும் முறை மாறியிருக்கும்.

இப்போது இடம் இருக்கிறது

2022 ஏப்ரல் 1 அன்று முதல்வர் மு.க. ஸ்டாலின் டெல்லியில் ஓர் அரசுப் பள்ளியை நேரில் சென்று பார்த்தார். அதே ஆண்டு செப்டம்பர் 5 அன்று சென்னையில் தகைசால் பள்ளிகளையும் மாதிரிப் பள்ளிகளையும் தொடங்கிவைக்க அப்போதைய டெல்லி முதல்வர் அரவிந்த் கெஜ்ரிவால் வந்தார். வணிகச் செயல்திட்டம் மட்டும் அப்படியே இங்கு வரவில்லை. தமிழ்நாட்டில் தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனமும் யுனிசெஃபும் சேர்ந்து நடத்தும் பள்ளிப் புத்தாக்க மேம்பாட்டுத் திட்டம் இருக்கிறது. சுற்றியுள்ள பிரச்சினைக்குத் தீர்வு கண்டுபிடிக்கச் சொல்லும் நல்ல திட்டம் அது. ஆனால் அது கண்டுபிடிப்பைத் தேடுகிறது. நான் கேட்பது கண்டுபிடிப்பு அல்ல. சாதாரணமான ஒரு சின்ன வியாபாரமும் அதற்கு ஒரு ஒழுங்கான கணக்கும்.

அதற்கு இப்போது எதிர்பாராமல் ஓர் இடம் கிடைத்திருக்கிறது. 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியான மாநிலக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, 2025-26 முதல் பிளஸ் ஒன் பொதுத் தேர்வு இல்லை. 2017-18-இல் அந்தத் தேர்வு வந்ததற்குக் காரணமே, பல பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை நடத்தாமல் நேராகப் பிளஸ் டூவுக்குத் தாவியதுதான். மீண்டும் அந்தப் பழக்கம் வந்துவிடாமல் இருக்க வேண்டுமானால், பிளஸ் ஒன் ஆண்டுக்கென்று ஒரு சொந்தக் காரியம் வேண்டும். வணிகவியல் பிரிவுக்கு அந்தக் காரியம் தயாராக இருக்கிறது. ஏற்கெனவே வணிகவியல், கணக்குப்பதிவியல் போன்ற செய்முறைத் தேர்வு இல்லாத பாடங்களில் 90 மதிப்பெண் எழுத்துத் தேர்வுக்கு, 10 மதிப்பெண் அகமதிப்பீட்டுக்கு என்று இருக்கிறது. அந்தப் பத்து மதிப்பெண்ணுக்காக இன்று பிள்ளைகள் சார்ட் அட்டையில் படம் ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். லாபத்துக்கு மதிப்பெண் போடாமல், எழுதிய கணக்குக்கும் கடைசியில் கொடுக்கும் விளக்கத்துக்கும் மட்டும் அதைக் கொடுக்கலாம். நஷ்டப்பட்டு, அதற்குக் காரணத்தைச் சரியாகக் கண்டுபிடித்த குழுவுக்குப் பத்துக்குப் பத்து.

கணக்கு யாரிடம் ஒப்படைப்பது என்ற கேள்விக்கும் நம்மிடம் பதில் உண்டு. ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. பெற்றோரே பெரும்பான்மையாக இருக்கும் குழு அது. கட்டடம், கழிவறை, சத்துணவு பற்றிப் பேசும் அந்தக் குழு, ஆண்டில் ஒரு மாலை உட்கார்ந்து பிளஸ் ஒன் பிள்ளைகளின் ஐந்தொகையைக் கேட்கட்டும். கட்டட மேஸ்திரியும் பூக்கார அம்மாவும் பால் சொசைட்டிச் செயலாளரும் கேட்கும் கேள்விகளுக்கு எந்தப் பாடநூல் உரையிலும் விடை கிடையாது. ‘ஏம்மா, மழை வரும்னு தெரிஞ்சும் ஏன் அவ்வளவு வாங்கினீங்க?’ என்று ஒரு கேள்வி போதும்.

அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. இதைப் படிக்கும் வணிகவியல், கணக்குப்பதிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த ஆண்டு உங்கள் வகுப்பில் ஒரே ஒரு குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் உள்ள பழைய மாணவர்கள் ஐந்து பேரிடம் ஆளுக்கு 500 ரூபாய் பங்கு கேளுங்கள். திரும்ப வராமலும் போகலாம் என்று சொல்லியே கேளுங்கள். 2,500 ரூபாய், ஒரு நீள்வடிவக் கணக்கு நோட்டு, மூன்று மாதம். முடிந்ததும் அந்த ஐந்து பேரையும் வகுப்புக்கு அழைத்து, பிள்ளைகளை எழுந்து நின்று கணக்கு வாசிக்கச் சொல்லுங்கள்.